மனைவியின் குளிசையை நான் நிறுத்திய கதை

இன்று காலை வத்தேகமவிலிருந்து கண்டி கிளினிக்குக்கு பஸ்ஸில் போனோம். இராணுவச் சோதனைச் சாவடியில் வழக்கம்போல எல்லோரையும் இறங்கி நடக்கச் சொன்னார்கள். என் மனைவியால் காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. சீனி வருத்தத்தால், அதாவது நீரிழிவால், வந்த நரம்பு எரிவு.

அதற்கு டொக்டர் தந்த குளிசையை மூன்று மாதத்துக்கு முன் நான்தான் நிறுத்தினேன். அதைப் போட்டால் தலைசுற்றும், தூங்கி விழுவாள். ஒருநாள் இதே சாவடியில் விலாசம் கேட்டபோது தடுமாறிவிட்டாள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் அங்கே தடுமாறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

குளிசைப் பெட்டிக்குள் இருந்த ஆங்கிலத் தாளை அகராதி வைத்து வாசித்தேன். பக்கவிளைவுகளே ஒரு முழுப் பக்கம்.

"எரிவைத் தாங்கலாம். உம்மைப் பிடிச்சுக்கொண்டு போனா என்னால தாங்கேலாது" என்றேன்.

இன்று என் தோளைப் பிடித்து, அழுதுகொண்டே நடந்தாள். அடையாள அட்டையைப் பார்த்த சிப்பாய், "அம்மாவுக்கு மருந்து கொடுப்பதில்லையா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

கிளினிக்கில் டொக்டர், "தொடக்கத்தில மயக்கமாத்தான் இருக்கும், ஐயா. வந்து சொல்லியிருந்தா அளவைக் குறைச்சுத் தந்திருப்பன்" என்றார்.

"தாளில அப்பிடி இல்லையே" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். "என்ர காலைப் பற்றி அதில ஒண்டும் எழுதேல்லையோ?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

மருந்து ஆலோசனை எதுவும் இங்கே வேண்டாம். மன்னிப்புக் கேட்டுப் பழகியவர்கள், எப்படித் தொடங்குவது என்று மட்டும் எழுதுங்கள். எழுபத்திரண்டு வயதில் எனக்கு இதுதான் முதல் தடவை.