கவிழ்த்த கூடை

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிப்போனதிலிருந்து மகளை நான் வாசலுக்குக்கூட விடவில்லை. இன்று பண்பொழி சாலையில் பைக்கில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர் கடந்தபோது வந்த பால்வாடையில், இந்த வீடுகளெல்லாம் வருவதற்கு முன் இதே இடத்தில் இருந்த எங்கள் ஆட்டுப்பட்டி நினைவுக்கு வந்தது.

மலையோரத்தில் குரங்குகள் ஒருமாதிரிக் கத்தினால் போதும், அம்மா குட்டிகளை ஒன்றாகத் தள்ளி, என்னையும் அவற்றோடு உட்காரவைத்து, பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடிவிட்டு, அதன்மேல் முழுப் பாரத்தோடு சாய்ந்துகொள்வாள். உள்ளே மூத்திர ஈரம், என் காலில் உரசித் துடிக்கும் குட்டிகளின் நெஞ்சு, கீற்றுக் கீற்றாக வெளிச்சம். வெளியே தாயாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்ட அமைதி. அவை மறுபடி அசைபோடும் சத்தம் கேட்கிறவரை கூடை திறக்காது.

ஒருநாள் அந்த அமைதி வெகுநேரம் நீண்டது.

“சிறுத்தை வந்துட்டாம்மா?”

“ஏட்டி, சும்மா கெட. நீ கேக்குத கேள்வியில அதுவே ஓடிரும்.”

“நீயும் உள்ள வாம்மா.”

“நான் உள்ள வந்தா கூடைய யாரு அமுக்குவா?”

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். அவள் சாய்ந்திருந்த கூடை நடுங்கிக்கொண்டே இருந்தது.