பதினொரு வலது காதுகள்

பத்திரகாளிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. கல்யாணத்தன்று மணவறையிலிருந்தே மூன்று தடவை எழுந்துவிட்டவள் என்று ஓட்டப்பிடாரம் பக்கம் இன்றைக்கும் கேலி பேசுவார்கள். செம்மறிகளுக்குப் பின்னால் கரிசல் காட்டில் நடப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு, குஷி, எல்லாம்.

தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் அடித்த மழை அந்தக் குஷியில் மண்ணைப் போட்டது. ஊர் ஆடுகளோடு சேர்த்துக் கிடை போட்டிருந்த அவளுடைய ஆடுகள் பதினொன்றும் விடிவதற்குள் விறைத்துக் கிடந்தன. பேருக்கு ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை.

"இனி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிரு. தை பொறந்ததும் வருவாள்னு சொல்லிட்டேன்" என்றான் புருஷன் சங்கரபாண்டி.

பத்திரகாளி அழுதாள். ஆடுகளுக்காகப் பாதி, நாளெல்லாம் காலை மடக்கி உட்கார்ந்து குச்சி அடுக்க வேண்டுமே என்று மீதி.

செத்த ஆடுகளுக்கு அரசாங்கம் அவசர நிவாரணம் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் கால்நடை டாக்டர் ரூபஸின் ஜீப் கரிசல் சகதியில் நாலு இடத்தில் புதைந்து, ஐந்தாம் நாள்தான் ஊர் வந்து சேர்ந்தது. ஆடுகளை மறுநாளே புதைத்தாயிற்று. குழிமேல் ஓடைத் தண்ணீர் ஓடியது.

"உடம்பைப் பாக்காம நான் எப்படிம்மா எழுதுறது?" என்றார் டாக்டர். நல்ல மனுஷன்தான், சட்டம் விட வேண்டுமே!

பத்திரகாளி ஒரு துணி முடிச்சை ஜீப்பின் பானெட் மேல் அவிழ்த்தாள். கல்லுப்பில் புரட்டி வைத்த ஆட்டுக் காதுகள். பலருடைய ஆடுகள் கலந்து நிற்கிற கிடையில், ஆடு செத்தால் அடையாளம் வெட்டிய காதை அறுத்து உடையவரிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் மேய்க்கிறவள் விற்றுத் தின்றுவிட்டாள் என்பார்கள். தன் ஆட்டுக்கு அவள் யாரிடம் காட்டப்போகிறாள்? கைப்பழக்கம், அதையும் அறுத்து வைத்திருந்தாள்.

டாக்டர் எண்ணினார். "பதினொரு காது. ஆட்டுக்கு ரெண்டு காது. அப்போ அஞ்சரை ஆடுன்னு எழுதட்டுமா?"

பத்திரகாளிக்குச் சுருக்கென்று வந்தது. "நல்லாப் பாருங்க சார், அம்புட்டும் வலது காது. நாங்க அதுலதான் அடையாளம் வெட்டுதோம். ரெண்டு வலது காது இருக்கிற ஆடு எந்த ஊர்ல இருக்கு? சொல்லுங்க, துட்டு குடுத்துப் பாத்துட்டு வாரேன்!"

டாக்டர் ஒவ்வொரு காதாகத் திருப்பிப் பார்த்தார். மழைக்குத் தப்பிப் பக்கத்தில் நின்ற ஊர் ஆடு ஒன்றின் காதோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். சந்தேகத்துக்குத் தன் காதையும் ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரார் நாலு பேரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பதினொன்று என்றே எழுதினார்.

மார்கழிக் கடைசியில் பணம் வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து பத்திரகாளி நேரே எட்டயபுரம் சந்தைக்குப் போனாள். ஆறு ஆடுகள் கிடைத்தன, ஆறும் சினை.

தைப்பொங்கல் கழிந்து, அவள் வேலைக்குச் சேர வேண்டிய நாள். தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்த நேரம், ரோட்டை அடைத்துக்கொண்டு ஆறு ஆடுகள். டிரைவர் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான். ஆடுகள் அசையவில்லை.

"ஏட்டி, ஆட்டை வெரசா ஓரமாப் பத்து! எங்களுக்கு நேரமாவுது!" என்று உள்ளேயிருந்து பெண்கள் சிரித்துக்கொண்டே கத்தினார்கள்.

நடுரோட்டில் நின்று தலைத்துணியை நிதானமாக அவிழ்த்துக் கட்டினாள் பத்திரகாளி.

"எனக்கு ஒரு அவசரமும் இல்ல தாயி!"