ஸ்கேனரில் யாழ்ப்பாணம் கேட்குமா?

ஆக்லாந்து, 1997 ஆகஸ்ட் 16, சனி, காலை 10.40. இதே கேள்வியோடு இதுவரை கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர்.

மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்து, கையில் பிடிக்கிற மலிவான ரேடியோ ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். விமானிகளும் கப்பல்காரரும் கதைப்பதைக் கேட்கத்தான். அத்தான் கோயிலில் போய், "மச்சான் வாங்கின பெட்டியில உலகமே கேக்கும்" என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர் இங்கே பிளாக்ஹவுஸ் பே பக்கம் இருக்கிற மகேஸ் அக்கா. அவருடைய அம்மா யாழ்ப்பாணத்தில். இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை.

"தம்பி, யாழ்ப்பாணத்துச் செய்தி கேக்குமே?"

"கேக்காது அக்கா. இது ஆக்லாந்தைச் சுத்திக் கதைக்கிறதைத்தான் பிடிக்கும். தூரத்துக்குச் சிற்றலை வேணும். இதில அது இல்லை."

"எஞ்சினியரிங் படிச்சனீர்தானே. பிறகேன் இதை வாங்கினீர்?"

என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போட்டபோது யாழ்ப்பாணம் என் நினைவுக்கே வரவில்லை.

அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்த ஸ்கேனர் ஒரு டாக்சிக்காரரின் குரலில் நின்றது. அணைக்கப் போனேன்.

"விடும் தம்பி, கதைக்கட்டும்" என்றார். ஒரு மணித்தியாலம் இருந்து கேட்டுவிட்டுப் போனார். என்னத்தைக் கேட்டார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இதை வாசிக்கிற உங்களுக்கு விளங்கினால் எழுதுங்கள்.

இனிச் செய்யப்போவது:

1. இதைக் கொடுத்துச் சிற்றலை வானொலி எடுக்கலாமா என்று கடையில் கேட்பது.
2. லண்டன் வானொலியின் தமிழ்ச் செய்தி இங்கே எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு என்று உங்களைக் கேட்பது. இதோ, கேட்டுவிட்டேன்.
3. செய்தி பிடிபட்டால் முதலில் மகேஸ் அக்காவுக்குச் சொல்வது. அத்தானுக்குக் கடைசியில்.