முழங்கால் வலிக்காரர்கள் வந்த கூட்டம்

புத்தூரில் நான் வேலை பார்க்கும் மறுவாழ்வு மையம் சின்னது. பன்னிரண்டு கட்டில்கள், ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ்கள், ஆலோசகராக நான். பல வருடங்களாக எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதுக் குடிகாரர்கள்தான். அப்புறம் காலேஜ் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். குடி இல்லை, கஞ்சா இல்லை. எலும்பு முறிவுக்கும் ஆபரேஷனுக்கும் எழுதிக் கொடுக்கிற வலி மாத்திரை. அவர்களுக்கென்று தனி வார்டு போட எங்களிடம் வசதி கிடையாது. அதனால் வெளியூர் அறக்கட்டளை ஒன்று இளைஞர்களுக்கான சிகிச்சைக்கும் தடுப்புக்கும் நிதியுதவி, அதாவது கிராண்ட், தருகிறது என்று கேள்விப்பட்டதும் விண்ணப்பித்தோம்.

விண்ணப்பம் முப்பத்தெட்டுப் பக்கம். 'ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி.

"எனக்கு அறுபத்தேழு வயசாகுது. இதை எப்படிம்மா எழுதறது?" என்றார் டாக்டர்.

நானே ஏதோ எழுதி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, சென்னையிலிருந்து அவர்களுடைய அதிகாரி வருகிறார், நாங்கள் நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்றை நேரில் பார்க்க விரும்புகிறார் என்று பதில் வந்தது. நாங்கள் அதுவரை அப்படி ஒரு கூட்டம் நடத்தியதே இல்லை.

ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர் ஒருவர் தன் ஹாலை இலவசமாகக் கொடுத்தார். நோட்டீஸ் எழுதியது நான். அந்தத் தப்பை யார் தலையிலும் போட முடியாது. 'வலி மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அனுமதி இலவசம். காபி உண்டு' என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். 'இளைஞர்களுக்கான போதைத் தடுப்பு நிகழ்ச்சி' என்ற வரியை அச்சகத்துக்காரர் இடமில்லாமல் அடியில், எறும்பு சைஸில் போட்டிருந்தார். ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் ஆள் வந்தார். நெற்றியில் திருமண், கையில் எக்ஸ்ரே கவர்.

"டாக்டர் எப்போ எழுந்தருளுவார்?"

"மாமா, இது போதைத் தடுப்புக் கூட்டம்."

"பேஷா நடத்துங்கோ. நான் அந்த வஸ்துவெல்லாம் தொடறதில்லை. எனக்கு முட்டிதான்."

அவருக்குப் பின்னால் படியேற முடியாத ஒரு மாமியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பத்து மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. நாற்பதுக்கு மேல் இருக்கும். எல்லார் மடியிலும் ஃபைல். இளைஞர் என்று பார்த்தால் காபி ஊற்றிக்கொண்டிருந்த கேட்டரிங்காரர்தான், அவருக்கும் முப்பத்தைந்து இருக்கும். அதிகாரி அம்மா முன்வரிசையில் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் இரண்டு நாளாக உட்கார்ந்து எழுதிய பேச்சைக் கையில் வைத்திருந்தார். எழுதியதை மாற்றிப் பேச அவருக்கு வராது.

"அன்பான இளைஞர்களே," என்று தொடங்கினார். "உங்கள் நண்பர் ஒருவர் மாத்திரையை நீட்டினால், வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள்."

"யார் நீட்டறா?" என்றார் முன்வரிசை மாமி. "டாக்டர் சீட்டு இல்லாம ஒண்ணே ஒண்ணு குடுன்னு கேட்டாக்கூட கடைக்காரன் மாட்டேங்கறான்."

ஹால் முழுக்க ஆமோதித்தது. டாக்டர் தாளைக் கீழே வைத்துவிட்டார். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று நான் மைக்கை வாங்கிச் சொன்னேன். அதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில் நோட்டீஸைப் பார்த்தாராம். முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனவர்.

"ஒரு புகாருங்க. மெடிக்கல் ஷாப்ல அட்டையில கொறைச்சுக் குடுக்கறாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான் போடறேன். காலண்டர்ல டிக் அடிச்சு வெச்சிருக்கேன். மூணு அட்டை பதினைஞ்சு நாள்ல தீர்ந்துபோவுது."

டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னார். எங்கள் மையத்துக்கு வரும் பிள்ளைகள் சொல்லும் அதே பெயர். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்கும்போது அட்டை பிரிச்சிருந்துச்சுங்களா?" என்று நான் கேட்டேன்.

"இல்லீங்க. முழு அட்டைதான்."

"அப்போ கடையில எப்படிங்க கொறையும்? வீட்டுல யாரெல்லாம் இருக்கீங்க?"

"நானும் பையனும்தான். டிப்ளமா படிக்கிறான்."

"அவனுக்கு எங்கே வலி?" என்று மாமி வெள்ளந்தியாகக் கேட்டார்.

"அவனுக்கு வலி ஒண்ணும் இல்லீங்களே," என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மெதுவாக உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலிருந்த எக்ஸ்ரே மாமா அவர் முழங்கை மேல் கையை வைத்தார். நான் போய்த் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டார்.

அப்போது அதிகாரி அம்மா எழுந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "உங்க வீட்டுல மிச்ச மாத்திரையை எங்கே வைக்கிறீங்க?"

ஃப்ரிட்ஜ் மேலே, பிஸ்கட் டின்னில், டிவிக்குப் பின்னால் என்று பதில்கள் வந்தன. "பெருமாள் அலமாரியில, சாளக்கிராமத்துக்குப் பக்கத்துல," என்றார் ஒருவர். "பேரன் தினம் சேவிக்கிற இடம்," என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். பிறகு அவருக்கே என்னவோ தோன்றி, பாதிக் காபியில் வீட்டுக்குக் கிளம்பினார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர், வலித்த கால்களோடு, நான் எதிர்பார்க்காத வேகத்தில் போனார்கள்.

திங்கட்கிழமை பொன்மலைக்காரர் மகனோடு வந்தார். இருபது வயது, ஒல்லி. பதிவு செய்யும் நர்ஸ் இருவரையும் பார்த்துவிட்டு, அழுது கண் வீங்கியிருந்த அப்பாவின் கையில்தான் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டினாள்.

"நான்தாங்க்கா பேஷண்ட்," என்றான் பையன்.

பைக்கில் விழுந்து தோள் எலும்பு உடைந்தபோது கொடுத்த மாத்திரையில் ஆரம்பித்தது என்று என்னிடம் சொன்னான். அவனுடைய சீட்டு முடிந்ததும் அப்பாவுடையது கண்ணில் பட்டிருக்கிறது. அப்பா கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டதுதான் அவனுக்குப் பெரிய வெட்கமாக இருந்தது. சேர்த்த நாலாம் நாள், மாத்திரையை நிறுத்தியதால் வந்த உடம்பு வலி தாங்காமல் மதிலேறிக் குதித்து ஓடினான். அப்பா சாயங்காலத்துக்குள் தேடிப் பிடித்து, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். முதுகு ஆபரேஷன் ஆனவர் பொன்மலையிலிருந்து மிதித்து வந்ததைப் பார்த்து டாக்டர் அவரைத்தான் திட்டினார். இரண்டாம் தடவை பையன் ஓடவில்லை.

கிராண்ட் கிடைத்தது. பெரியவர்களைக் கூட்டி வீட்டு மாத்திரையைப் பற்றிப் பேசும் எங்கள் 'திட்டமிட்ட அணுகுமுறை'யைக் கடிதத்தில் பாராட்டியிருந்தார்கள். டாக்டர் அதைப் படித்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கும் என்னையே நோட்டீஸ் எழுதச் சொன்னார்.

போன மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையனை நண்பர்களோடு பார்த்தேன். எங்களிடம் வந்து போனவர்களை வெளியில் பார்த்தால் நாங்களாகப் பேசக் கூடாது. அவனும் பார்வையைத் திருப்பிக்கொண்டான், நானும் பஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தேன். அப்போது எதிர்ப்பக்கம் பஸ் ஜன்னலிலிருந்து அவன் அப்பாவின் குரல் கேட்டது.

"மாத்திரை மேடம்! நல்லாயிருக்கீங்களா?"

பஸ் ஸ்டாண்டே என்னைப் பார்த்தது. பையன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியதைப் பார்த்து ஒரு நிமிடம் பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தான்.