ஸ்டெப்னிக்கு அடியில் உப்பு

கார் வாங்கிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய கார்தான். எண்ணூர்ப் பக்கம் ஒருவர் ஐந்தாறு வருடம் கடற்காற்றில் ஓட்டிய வண்டி. ஓட்டினால் ஓட்டட்டுமே! வெள்ளை நிறம், நான்கு கதவு, பின்னால் ஒரு டிக்கி. எங்கள் வம்சத்தில் காணி நிலம் வைத்திருந்தவர் கிடையாது, சைக்கிளைத் தாண்டி ஒரு வண்டியைச் சொந்தம் என்று சொன்னவரும் கிடையாது. நான் அதை ஓட்டிக்கொண்டு முள்ளிப்பட்டில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது ஹாரனிலிருந்து கையை எடுக்க மனசே வரவில்லை. குறுக்கே ஓர் ஆடுகூட நிற்கவில்லை. சும்மாதான் அடித்தேன்.

அம்மா தறியைவிட்டு எழுந்து ஓடி வந்தாள். வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அம்மா வீட்டிலேயே பட்டு நெய்கிறவள். காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, என் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

"இன்னாத்துக்குடி இவ்ளோ சத்தம்? ஊரையே கூப்ட்டு காட்டிகினு இருக்கியா? கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாதுடி!"

வாய்தான் அப்படிச் சொன்னது. முகம் முழுக்கப் பல்.

இந்தக் கார் எதற்கு என்று கேட்டால், ஒரே காரணம்தான். தெள்ளாரில் என் மாமா இருக்கிறார், அம்மாவின் தம்பி. அவருடைய மூத்த பெண் கல்யாணத்துக்கு அம்மா வரிசைத் தட்டுகளைத் துணியில் மூட்டை கட்டிப் பஸ்ஸில் கொண்டுபோனாள். வந்தவாசியில் பஸ் மாறும்போது கூட்டத்தில் யாரோ லட்டுத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். தேங்காய் உருண்டு டிரைவர் காலடிக்குப் போய்விட்டது. நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது தாலி கட்டி முடிந்து, ஜனம் பந்திக்குக் கிளம்பிவிட்டது. காரில் வந்த உறவுக்காரர்கள் முன்வரிசை நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஓர் அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "பஸ்லியா வந்தீங்க? அடப் பாவமே" என்றாள்.

அந்த ஒரு 'பாவம்' அம்மாவுக்கு இன்றுவரை செரிக்கவில்லை. பெண்ணுக்குச் சொந்த அத்தையாக முதலில் நிற்க வேண்டியவள் கடைசியில் போய் நின்றாள். கார்த்திகையில் மாமாவின் இளைய பெண்ணுக்குக் கல்யாணம். அதற்காவது அம்மா சொந்தக் காரில், தட்டு நசுங்காமல், நேரத்துக்குப் போய் இறங்க வேண்டும். ஆவணியிலேயே கார் வாங்கிவிட்டேன்.

வாங்கியது முதல் எனக்குத் துருப் பைத்தியம் பிடித்துவிட்டது. கடலோர வண்டி அல்லவா! எட்டாம் வகுப்புக்குத் துருப்பிடித்தல் பாடம் நடத்துகிறவள் நான். இரும்பு, காற்று, ஈரம், கூடவே உப்புச் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். ஆரணியில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டு அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக ஒரு பூச்சு அடித்து வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையானால் பாயை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பேன். தெருவில் போகிறவர்களுக்கு என் இரண்டு கால் மட்டும்தான் தெரியும். "டீச்சரம்மா இன்னா, காருக்கு கீழயே குடித்தனம் வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அம்மாவுக்குப் பிடித்தது வேறு பைத்தியம். காரை வேப்பமரத்துக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள். பழைய புடவைகளைப் போட்டு மூடினாள். ஏறினால் பின்சீட்டில்தான் உட்காருவாள், அதுவும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்குக் கீழே குனிந்தபடி. பார்க்கிறவர்கள் நான் ஏதோ ஆளைக் கடத்திக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருப்பார்கள். "நிமிந்து உக்காரும்மா" என்றால், "நீ ரோட்ட பாத்து ஓட்டு" என்பாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் எண்ணூர்க்காரர் போன் செய்தார். கார் கம்பெனியிலிருந்து இன்னும் அவருக்குத்தான் தகவல் போகிறதாம். கடலோர ஊர்களில் விற்ற வண்டிகளில் பின்சக்கர அச்சைத் தாங்குகிற இரும்பு துருப்பிடிக்க வாய்ப்பு இருப்பதால், கெட்டுப்போகும் முன்பே இலவசமாகப் பார்த்துப் பூச்சுப் போட்டுத் தருகிறார்கள், துரு ஏறியிருந்தால் அந்தப் பாகத்தையே மாற்றிவிடுவார்கள் என்றார். "அதுவரிக்கும் தூரமா ஓட்டாதீங்க மேடம். நான் வித்த வண்டி, எனக்கே மனசு கேக்கல" என்றார். தங்கமான மனிதர்! ஆனால் நான் ஓடிப்போய்க் காலண்டரைப் பார்த்தேன். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. தெள்ளார் ஒன்றும் பக்கத்துத் தெரு இல்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டு வேலூரில் இருக்கிற சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அம்மாவும் கூடவே வந்தாள். காரை அந்நிய ஆட்களிடம் தனியாக விட மாட்டாளாம்.

காரை மேலே தூக்கி நிறுத்தினார்கள். கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பிதான் அங்கே சூப்பர்வைசர். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அடிப்பக்கம் சூப்பரா இருக்குது மேடம். நல்லா மெயின்டெய்ன் பண்ணிகீறீங்க" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மல்லாந்து படுத்ததெல்லாம் வீண்போகவில்லை என்று நான் பூரித்து நிற்கும்போதே, டிக்கிப் பக்கத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று.

கீழே நின்ற மெக்கானிக் அதை விரலில் தொட்டு, என்ன நினைத்தாரோ, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சார், உப்பு கரிக்குது!"

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "மேடம், வண்டிய கடல்லயா கழுவுறீங்க?"

காரை இறக்கி டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினார்கள். உள்ளே பள்ளத்தில் கலங்கலாகத் தண்ணீர். அதில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள் மிதந்தன. சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். எங்கள் தறியில் வெட்டிப் போடுகிற பட்டுத் துண்டுகளை எனக்குத் தெரியாதா? திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரிலிருந்த கடிகாரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்களுது இல்ல" என்றாள், யாரும் கேட்காமலே.

மெக்கானிக் ஒரு முடிச்சை எடுக்கக் கையை நீட்டினார். உடனே அம்மா போட்டாளே ஒரு கூச்சல்! "தொடாதப்பா! திருஷ்டி உப்புப்பா அது! கண்ணு ஒட்டிக்கும்!"

அவர் நெருப்பில் கைவைத்த மாதிரி இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். அவ்வளவுதான், வேலை நின்றது. சாதாரண உப்பாக இருந்தால் அள்ளிப் போட்டிருப்பார்கள். அடுத்தவர் திருஷ்டி கழித்த உப்பை யார் தொடுவார்கள்? ஸ்பேனர் பிடித்தவர், பெயின்ட் அடிப்பவர், வாட்ச்மேன், எல்லாருமே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். "இன்னாப்பா இது, இந்தக் காலத்துல போயி..." என்று அதட்ட ஆரம்பித்தவர், விஷயம் முழுக்கக் கேட்டதும் மெல்ல நகர்ந்து சூப்பர்வைசருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"அம்மா, தயவுசெஞ்சு நீங்களே எடுத்துடுங்க. நீங்க எடுக்காம எங்காளுங்க வண்டிய தொட மாட்டாங்க" என்றார் சூப்பர்வைசர்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்குள் நுழைந்தாள். டிக்கியில் முடிந்தது என்று பார்த்தால், சீட்டுக்கு அடியில் இருந்து எடுத்தாள். கால்மிதியைத் தூக்கி அதற்குக் கீழே இருந்து எடுத்தாள். கதவுப் பையில் கையை விட்டாள். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பக்கெட்டில் போட்டுவிட்டு, ஒரு முடிச்சைப் பிரித்து என்னிடம் காட்டினாள். உள்ளே ஒன்றுமில்லை, ஈரம் மட்டும்.

"பாத்தியாடி! எத்தினி கண்ணு பட்டுகீது பாரு! வெக்க வெக்க கரைஞ்சி போவுது. அதான் அமாவாசைக்கு அமாவாசை வெச்சது பத்தாம, வெள்ளிக்கெழமையும் வெச்சேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஐப்பசி மழைக்காற்றில் உப்புக் கரைந்திருக்கிறது. கரைந்ததைப் பார்த்து ஊர்க் கண் முழுக்க எங்கள் கார் மேல்தான் என்று அம்மா பயந்து இன்னும் உப்பு வைத்திருக்கிறாள். அதுவும் கரைந்திருக்கிறது. நான் வெளியே பாய் போட்டுப் படுத்துத் துருவுக்குக் காவல் காக்க, அம்மா உள்ளே உட்கார்ந்து அதற்கு விருந்து வைத்திருக்கிறாள்!

"வெளியிலேர்ந்து உள்ள வர்ற துருவ நெறைய பாத்திருக்கேன் மேடம். உள்ளேர்ந்து வெளிய போற துருவ இப்பதான் பாக்கறேன்" என்றார் சூப்பர்வைசர். கடற்காற்றில் ஏற்கெனவே மெலிந்திருந்த டிக்கித் தரை ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அரித்துப் போய், அடியில் அடித்த கறுப்புப் பூச்சு மட்டும்தான் தாங்கிக்கொண்டிருந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். முழுக்கக் கழுவி, காயவைத்து, பூச்சு அடிக்க வேண்டும். அச்சுப் பக்கம் கம்பெனி பொறுப்பு, டிக்கி எங்கள் பொறுப்பு. "சனிக்கிழமைக்குள்ள ட்ரை பண்றோம். கேரன்டி சொல்ல முடியாது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாடி சொல்றாரு?"

"கண்ணு இல்லம்மா. காத்துல ஈரம் இருந்தா உப்பு தானா கரையும். அந்தத் தண்ணி இரும்ப தின்னுடும்."

அவள் அந்த சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நாந்தான் கெடுத்தனா?"

திட்டு வாய்வரை வந்துவிட்டது. அம்மா கையிலிருந்த வெறும் முடிச்சையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நம்மகிட்ட எது வந்தாலும் நிக்கலியேடி. இதுவும் பூடுமோன்னு பயந்துட்டேன்." பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அழுகைதான் வரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் அந்த மேனேஜர் இன்னும் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னாலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நாக்கில் வைத்துப் பார்த்த மெக்கானிக் மட்டும், "யம்மா, எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பக்கெட்டை எங்கே கொட்டுவது என்று அடுத்த பஞ்சாயத்து. கார் கழுவுகிறவர், "என் ஏரியால வேணாம்மா" என்று குழாயை மறித்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் ஊற்றக்கூடாது என்று வாட்ச்மேன் கேட்டைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த முச்சந்திக்கு அம்மா பக்கெட்டோடு நடந்தாள். சூப்பர்வைசர் முன்னால் ஓடி, டை தோளில் பறக்க, ரெண்டு கையையும் விரித்து லாரிகளை நிறுத்தினார். "ஜல்தி வாங்கம்மா, ஜல்தி!" சாமி ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு மரியாதையாக வேலூர் வழிவிட்டிருக்காது.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்குத் தறியில் கை ஓடவில்லை. பஸ் டைம் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் போன் செய்தார். "ரெடி மேடம். அம்மாவ கேட்டதா சொல்லுங்க."

ஞாயிறு விடிந்ததும் கிளம்பினோம். வரிசைத் தட்டுகளைப் பின்சீட்டில் வரிசையாக வைத்தேன். அம்மா உட்கார இடமில்லை என்று கொஞ்சம் நகர்த்தப் போனேன். "அது அங்கியே இருக்கட்டும்" என்று முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானை தோளில் இருந்தது. நான் சட்டென்று வண்டியைக் கிளப்பினேன். ஏதாவது சொன்னால் மாறிவிடுவாளோ என்று பயம். வந்தவாசி தாண்டும்போது பஸ் ஸ்டாண்டை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான்.

தெள்ளாரில் பந்தல் வாசலிலேயே காரை நிறுத்தினேன். வாழைமரத்தடியில் நின்றவர்கள் திரும்பினார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். மாமா, "யக்கா!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து கதவைத் திறந்தார். யார் யாரோ வந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு லட்டுக்கூட நசுங்கவில்லை. எனக்குச் சிறகு முளைத்த மாதிரி இருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து பார்த்தால், அம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. நிமிர்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இறங்கும்மா, எல்லாரும் பாத்துகினு இருக்காங்க" என்றேன் மெதுவாக.

"இருடி. உள்ள கீறவங்க இன்னும் பாக்கல" என்றாள் அம்மா.