துக்க வருசத்தில் அம்மா செய்த சொக்லேட் புடிங்

அம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இன்று பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர், அம்மா கையால் ஏதாவது ஓர் இனிப்பை ஒருமுறையாவது சாப்பிட்டிருப்பீர்கள். ஞானஸ்நானத்துக்கு கேக், புதுநன்மைக்கு டொபி, கிறிஸ்மஸுக்கு சொக்லேட் பிஸ்கட் புடிங். அவரைப் பற்றி எழுத, அவர் பெற்ற பிள்ளைகளில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அம்மா நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பிரா அறையில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டார். பூனாகலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அதிர்ந்து பேசாதவர். தம்பி தொட்டிலில் கிடந்தபோது காய்ச்சலில் படுத்த அப்பா, பிறகு எழுந்திருக்கவே இல்லை.

கொழுந்துச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்க்க முடியாது என்று தெரிந்ததும், எங்களைச் சித்தியிடம் விட்டுவிட்டு அம்மா அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். அந்த வீட்டில் நிறையப் பிள்ளைகள். தினமும் ஏதாவது இனிப்பு கேட்பார்களாம். சொக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குவது, ஐசிங் அடிப்பது, கேக்கை நடுவில் ஈரம் போகாமல் வேகவைப்பது எல்லாம் அங்கேதான் கைவந்தது. "அந்தப் பிள்ளைகளுக்கு வெட்டிக் குடுக்கிற நேரமெல்லாம், நீங்க ரெண்டு பேரும் என்னத்த தின்னீங்களோன்னு நெனச்சிக்குவேன்" என்று பிற்காலத்தில் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அந்த வருடங்களைப் பற்றி அவர் பேசியதில்லை. முழங்கையில் இருந்த சூட்டுத் தழும்பைப் பற்றி நாங்களும் கேட்டதில்லை.

திரும்பி வந்த அன்று சித்தியின் பின்னால் ஒளிந்து நின்ற தம்பிக்கு ஒரு சொக்லேட்டை நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான். அம்மா சிரித்தார். பிறகு தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்குப் போய், நெடுநேரம் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

அம்மா அவனுக்குத் தாயானது சமையலறையில்தான் என்று நினைக்கிறேன். அடுப்பில் மணல் போட்ட சட்டியை ஏற்றி, மூடியின் மேல் தணலைப் பரப்பி, விறகு நெருப்பிலேயே கேக் செய்தார் அம்மா. முதல் இரண்டு முறையும் அடி தீய்ந்தது. தீய்ந்ததைச் சுரண்டிவிட்டு மூவரும் சாப்பிட்டோம். சாதாரண நாட்களில் மிஞ்சிய ரொட்டிக்குக் கொக்கோவும் சீனியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிளறித் தருவார். ரவை வறுத்துக் கொக்கோ உருண்டை பிடிப்பார். மழை பிடித்துக்கொண்டு வேலை இல்லாத வாரங்களில்கூட, பால்மாவும் சீனியும் வைத்து டொபிக்கு வழிபண்ணிவிடுவார். தம்பி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "அம்மா, இன்னைக்கு என்னா?" என்று கேட்டுக்கொண்டே வாசலில் சப்பாத்தைக் கழற்றுவான்.

மெல்ல மெல்ல அக்கம்பக்கத்தார் கேட்கத் தொடங்கினார்கள். தீபாவளிக்கு இந்து வீடுகளுக்கும் அம்மாவின் சொக்லேட் டொபி போனது. பண்டாரவளையிலிருந்தும் பதுளையிலிருந்தும் பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லியனுப்பினார்கள். நான் கல்யாணமாகிப் பதுளைக்கு வந்த பிறகு, கேக் கொண்டு வரும் நாட்களில் அம்மா என் வீட்டுக்கும் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்.

அப்படி வந்த ஒரு நாளில்தான் அது நடந்தது.

மலையில் நாட்கணக்காக மழை. பதுளையில் ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்கு அம்மா காலையிலேயே கேக்கை முடித்துவிட்டார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த தம்பியையும் கூப்பிட்டிருக்கிறார். "நீங்க போயிட்டு வாங்கம்மா. பஸ்ல ரெண்டு பேரும் நனையணுமா?" என்று சொல்லிவிட்டு, ஐசிங் கலக்கிய சட்டியை மடியில் வைத்து வழித்துத் தின்றுகொண்டிருந்தானாம். கேக் பெட்டியை மடியில் ஏந்தி அம்மா பஸ்ஸில் வந்தார். கேக்கைக் கொடுத்துவிட்டு என் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தோட்டத்திலிருந்து போன் வந்தது. எங்கள் லயத்துக்கு மேலே இருந்த மலை இறங்கிவிட்டது.

பாதை பல இடங்களில் உடைந்திருந்தது. பஸ் போன மட்டும் பஸ்ஸில், மீதித் தூரம் நடந்தே போனோம். லயம் இருந்த இடத்தில் செம்மண் மட்டும்தான் இருந்தது. தம்பியைச் சில நாட்கள் கழித்து எடுத்தார்கள். அம்மா அழவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்கள் கையைப் பிடித்தபோது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "கேக்க தூக்கிட்டுப் போனவ தப்பிச்சிட்டேன். சட்டிய வழிச்சவன் போயிட்டான்."

உயிர் தப்பியவர்களை மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கவைத்தார்கள். சீலைகளையும் தார்ப்பாய்ப் படங்குகளையும் கட்டிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொண்டார்கள். என்னோடு வரும்படி எவ்வளவோ கெஞ்சினேன். "எங்க சனமெல்லாம் இங்க கெடக்கு. நான் மட்டும் வந்து என்ன பண்ணப் போறேன்" என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு அம்மா இனிப்பைத் தொடவில்லை. பிளேன்டீயைக்கூடச் சீனி இல்லாமலே குடித்தார். பதுளையிலிருந்து யாராவது கேக் கேட்டால், "இப்ப செய்றதில்லீங்க" என்பதோடு சரி.

மார்கழி வந்தது, கூடவே நத்தார் எனும் கிறிஸ்மஸும். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். துக்க வீட்டில் அந்த வருடம் பலகாரம் செய்ய மாட்டார்கள். மற்ற வீட்டார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆனால் அந்தத் தொழிற்சாலைக்குள் துக்கம் இல்லாத குடும்பமே இல்லை. நத்தாருக்குச் சில நாட்கள் முன்பு நான் போயிருந்தபோது, பக்கத்துச் சீலைக்கு அப்பால் இருந்த ரோஸ்மேரி அக்கா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். புருசனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளோடு நின்றவர் அவர்.

"பிள்ளைங்க கேக்குதுங்க. துக்க வருசம், ஒன்னும் செய்யக்கூடாதுன்னு சொல்லிட்டேன். வெளியில இருந்து யாராச்சும் கொண்டாந்தா உண்டு."

அம்மா, "எல்லாமே துக்க வீடா இருந்தா, யாரு யாருக்குக் கொண்டுபோறது ரோஸ்மேரி?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார்.

"அந்த மேரி பிஸ்கட் பெட்டியெல்லாம் இன்னும் இருக்கா?"

நிவாரணமாக வந்த பிஸ்கட் பெட்டிகள் ஒரு மூலையில் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. மாதக்கணக்காக அதையே தின்று, பிஸ்கட்டைக் கண்டாலே பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் காலம் அது. பால்மாவும் இருந்தது. கொக்கோவும் மாஜரினும் ஐசிங் சீனியும்தான் இல்லை. மறுநாள் பதுளையில், அம்மா வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரரை நாங்கள் நானா என்போம்; அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அம்மா எப்படி இருக்காங்க மகள்?"

"திரும்பச் செய்யப் போறாங்க நானா. அங்க இருக்கிற எல்லாருக்கும்."

அவர் உள்ளே போய், நான் கேட்டதைவிட இரண்டு மடங்கு சாமானைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தார். "இத அம்மாகிட்ட குடுங்க. நான் தந்தன்னு சொல்லுங்க" என்றார்.

நத்தாருக்கு முதல் நாள் பகலில், பொதுச் சமையல் நடக்கும் இடத்தில் அம்மா உட்கார்ந்தார். முட்டை அடிக்கும் கம்பி மண்ணோடு போயிருந்தது. மரக்கரண்டியால் மாஜரினையும் சீனியையும் கொக்கோவையும் அடித்தார். பெண்கள் பாலில் பிஸ்கட்டை நனைத்து நனைத்துச் சோற்றுத் தட்டங்களில் அடுக்கினார்கள். அடுக்குக்கு மேல் அடுக்காக அம்மா சொக்லேட்டைப் பூசிக்கொண்டு வந்தார். ஒரு தட்டத்தை முடித்துவிட்டு, சட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்ததைப் பார்த்தபடி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ரோஸ்மேரி அக்கா சட்டியை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டு, தானே அடிக்க ஆரம்பித்தார். சற்று நேரம் கழித்து அம்மா மறுபடி கரண்டியைக் கேட்டு வாங்கினார். குளிர்சாதனப் பெட்டிக்கு அங்கே வேலை இல்லை. ஜன்னலோரம் வைத்த தட்டங்களை மார்கழிக் குளிரே இறுக்கிவிட்டது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் வீடு வீடாக, அதாவது சீலை சீலையாக, அம்மாவே கொண்டுபோனார். பிள்ளைகள் ஓடி வந்தன. பெரியவர்கள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார்கள். மனைவியையும் மகளையும் பறிகொடுத்த அந்தோனி மாமா மட்டும் தட்டைத் தள்ளிவிட்டார். மாமியின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

"எம் பொண்டாட்டி இன்னும் மண்ணுக்குள்ள கெடக்கா. எனக்கு என்னத்துக்கு இனிப்பு?"

அம்மா கோபிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் எறங்காதுண்ணே. இன்னும் வாயில வைக்கல. நீங்க ஒரு கரண்டி சாப்பிட்டா, நானும் ஒரு கரண்டி சாப்பிடுவேன்."

மாமா தட்டை இழுத்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு கரண்டி சாப்பிட்டார்கள். தம்பி போன பிறகு அம்மா அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப் பிறகும் அம்மாவின் துக்கம் குறையவில்லை. குறைந்ததாக எழுதினால் அது பொய். ஆனால் செய்வதை அவர் நிறுத்தவில்லை. அங்கே பிறந்த குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கும், பொங்கலுக்கும், பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளைகளுக்கும் ஏதாவது ஒன்று செய்தார். அரசாங்கம் கட்டித் தருவதாகச் சொன்ன வீடுகள் வரும் வரும் என்று காத்திருந்தார்கள். அம்மாவுக்கு வரவில்லை. ஈரத் தரையும் பனியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டன. இருமல் முற்றிப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வைத்தியர்கள் நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

கடைசி நாட்களில் சாப்பாடு இறங்கவில்லை. நாக்கில் ருசியே தெரியவில்லை என்றார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, "மலையில மழையா?" என்று மட்டும் தினமும் கேட்பார். பெய்தாலும் இல்லை என்றே சொன்னோம். அப்படி இல்லை என்று நான் சொன்ன ஒரு காலையில், சரி என்று தலையசைத்துவிட்டுக் கண்ணை மூடினார். திறக்கவில்லை.

அம்மாவைத் தோளில் சுமந்து மலையேற்றிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த ரோஸ்மேரி அக்காவுக்கும், அடக்கத்துக்குப் பசறையிலிருந்தும் நமுனுகுலவிலிருந்தும் மழையில் வந்து சேர்ந்த உறவினர்களுக்கும், பூசை வைத்த பாதருக்கும், கடையை அடைத்துவிட்டு வந்து கடைசிவரை நின்ற நானாவுக்கும், குழியைத் தன் கையால்தான் வெட்டுவேன் என்று பிடிவாதமாக நின்ற அந்தோனி மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யார் பெயராவது விடுபட்டிருந்தால் மனம் நோகாதீர்கள்.

தம்பிக்குப் பக்கத்திலேயே அம்மாவை வைத்திருக்கிறோம். அந்தச் சரிவும் ஆபத்தான இடம் என்று இப்போது பலகை நட்டிருக்கிறார்கள். பழைய பாதை இல்லை. அம்மாவைப் பார்க்க வர விரும்புகிறவர்கள் மழையில்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். மண்சரிவில் தப்பிய கீழ் லயத்தில் யாரிடம் கேட்டாலும் கூட்டிக்கொண்டு போவார்கள். வானம் கறுத்தால், பாதி வழியில் இருந்தாலும் திரும்பிவிடுங்கள். அங்கே அவர்களோடு இனி யாரும் போய்ச் சேர வேண்டாம்.