அறுபத்து மூன்று வாட்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கெடுத்தவள் நான்தான் என்று மொத்தக் குடும்பமும் பதினொரு நாள் நம்பியது. எனக்கு அப்போது பத்து வயது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் காது சூடாகிவிடுகிறது. மறந்துவிட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம்தான். மனசில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகளுக்குப் பின்னால் எங்கள் வீடு. வீட்டில் தமிழ் பேசுவோம். கோபம் வந்தால் பாதி மலையாளம் கலந்துவிடும். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பம்பாயில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, யாரோ பயன்படுத்திய ஒரு வெளிநாட்டு மெஷினோடு வந்து இறங்கினார். வாசல் அறையில் கம்ப்யூட்டர் கிளாஸ் தொடங்கப் போவதாக அறிவித்தார். இருந்தபடியே விட்டிருந்தால் அந்த மெஷின் நன்றாகத்தான் ஓடியிருக்கும். கௌரவம் விடவில்லை. பம்பாய் சினேகிதன் ஒருவனிடமிருந்து செங்கல் கனத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வரவழைத்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் தானே உள்ளே பொருத்தி மூடினார்.

விழாவுக்குத் தெருவே வந்திருந்தது. அம்மா சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "மெஷினுக்கு ஒரு பொட்டு வை" என்றாள். வைத்தேன். சித்தப்பா சுவிட்சைப் போட்டார். உள்ளே ஏதோ மெல்லச் சுழலத் தொடங்கி, விசில் மாதிரி சத்தம் ஏறிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. திரையில் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டார். மறுபடி விசில், மறுபடி மௌனம். யாரோ பின்னால் சிரித்தார்கள்.

சித்தப்பா திரும்பினார். முகம் சிவந்திருந்தது. என் விரலில் சந்தனம் இருந்தது.

"நீயாக்கும் இதைத் தொட்டது? ஈர சந்தனம் உள்ள போயிட்டு. தீர்ந்தது, எல்லாம் தீர்ந்தது!"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கிண்ணத்தைப் பார்த்தாள்.  அப்பா என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்றிலிருந்து வாசல் அறைக்குள் எனக்குத் தடை. வருகிறவர்களிடமெல்லாம் சித்தப்பா என்னைச் சுட்டிக்காட்டிக் கதை சொன்னார். பக்கத்து வீட்டுச் சேச்சிகூட, "எந்தினா மோளே அது தொட்டது?" என்று, ஏன் தொட்டாய் எனக் கேட்டுப் பாவமாகத் தலையைத் தடவினாள். அந்தக் கையைக் கடித்திருப்பேன். எர்ணாகுளத்திலிருந்து வந்த மெக்கானிக் கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார். ஸ்டெபிலைசர் வந்தது. அதே விசில், அதே மௌனம். அப்படியும் குற்றம் என்னுடையதாகவே இருந்தது.

வீட்டில் என்னை ஒன்றும் சொல்லாத ஒரே ஆள் அத்தை. அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு இரண்டு வயது மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. அரூரில் டிவி செய்யும் ஒரு கம்பெனிக்குத் தினமும் பஸ்ஸில் போய், சர்க்யூட் போர்டுகளில் சாலிடர் வைத்துச் சோதித்துப் பார்க்கும் வேலை. வீட்டில் அதற்குப் பெயர் 'ஒயர் ஒட்டுகிற வேலை'. விழா அன்று அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. மெஷினைப் பார்க்கட்டுமா என்று அவள் இரண்டு தடவை கேட்டதற்கு, "இது டிவி இல்லக்கா" என்று சித்தப்பா சிரித்தார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மெக்கானிக்கைத் தேடிப் படகேறி எர்ணாகுளம் போனார். அத்தை வோல்ட் பார்க்கும் தன் மீட்டரை எடுத்துக்கொண்டு, "வா" என்று என்னை வாசல் அறைக்குள் கூட்டிப்போனாள். நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"வாடி. நான் கூப்பிடறேன்ல?"

மூடியைக் கழற்றுமுன் என் பொட்டைப் பார்த்தாள். மூடியின் மேலேயே காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள், தூளாக உதிர்ந்தது. "இதா உள்ள போச்சு?" என்றாள். 

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற கரண்ட் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு சுவிட்சைப் போட்டாள். 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் பச்சை எழுத்துகள்! மெஷின் உயிரோடுதான் இருந்தது. ஒயரைத் திரும்பச் செருகிப் போட்டாள். விசில், மௌனம். மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து, மூன்று தடவையும் மீட்டரைக் காட்டினாள். பன்னிரண்டில் நிற்க வேண்டிய முள், விசில் ஏற ஏறச் சரிந்துகொண்டே வந்தது.

மெஷினுக்குள் ஒரு மூலையில், எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற வெள்ளிநிறப் பெட்டி. அதன் லேபிளை என்னை வாசிக்கச் சொன்னாள். அறுபத்து மூன்று வாட். பன்னிரண்டு வோல்ட்டில் இரண்டு ஆம்பியர். ஹார்ட் டிஸ்க்கோடு வந்த தாளைப் பிரித்தாள். சுற்றத் தொடங்கும்போது நாலு ஆம்பியர் வேண்டும் என்று போட்டிருந்தது.

"கீழ் வீட்டுல பைப் திறந்தா நம்ம மாடில தண்ணி வராதுல்ல? அதாக்கும். இந்தப் பெட்டியால இவ்வளவுதான் கொடுக்க முடியும். அவன் அதோட தலைல இரட்டிப்பா ஏத்தி வெச்சிருக்கான்." தாளை மேஜைமேல் அறைந்தாள். "படிச்சுப் பார்க்கல. ஒரு தாளைப் படிச்சுப் பார்க்கல! குட்டிமேல பழி போடத் தெரிஞ்சது."

சித்தப்பா திரும்பி வந்தபோது திரையில் பச்சை எழுத்துகள் எரிந்துகொண்டிருந்தன. செருப்போடு உள்ளே ஓடி வந்தார். "அக்கா! என்ன செஞ்சே?"

அத்தை சுவிட்சை அணைத்தாள். "இவ கிட்ட முதல்ல சொல்லு, நீ கெடுக்கலைன்னு. அப்புறம் நான் சொல்றேன்."

"இந்தக் குட்டி கிட்டயா? விளையாடறியா?"

அத்தை ஒயரைப் பழையபடி செருகி, மூடியைப் போட்டு, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். பிறகு துணி துவைக்கப் போய்விட்டாள். சித்தப்பா ராத்திரி சாப்பாடு வரைக்கும் விசிலும் மௌனமுமாகக் கிடந்தார்.

மறுநாள் சாயங்காலம் அத்தை வேலையிலிருந்து வந்ததும் அப்பா பிடித்துக்கொண்டார். "தம்பி பிழைப்பு இது. ஏன் இந்தப் பிடிவாதம்? தெரிஞ்சதைச் சொல்லித் தொலை."

அத்தை பையைக் கீழே வைத்தாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டது.

"பத்து நாளா அவளை வாசல்ல நிறுத்தி வெச்சுப் பேசினானே, அப்ப எங்க இருந்தீங்க அண்ணா? தெரியாததைத் தெரியும்னு சொன்னவன் அவன். தண்டனை இவளுக்கா? ஒருத்தர் வாய் திறந்தீங்களா இந்த வீட்டுல? ஒருத்தர்?"

அம்மா அடுக்களைக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். "பொட்டு வைக்கச் சொன்னது நான்தான்" என்றாள் மெதுவாக. பதினொரு நாள் தாமதமாக.

 சித்தப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "சரி, நீ இல்ல. போதுமா?" என்றார்.

"போதாது. அவ முகத்தைப் பார்த்துச் சொல்லு."

பார்த்துச் சொன்னார். அத்தை ஐந்தே நிமிடத்தில் விளக்கிவிட்டுக் குளிக்கப் போனாள். இரண்டு வாரத்தில் பம்பாயிலிருந்து நூற்று முப்பது வாட் பெட்டி வந்தது. மறுபடி விழா, மறுபடி தெரு. விசில் ஏறி, நிற்காமல் ஒரே சீராக ஓடியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பவர் சப்ளை போதாம இருந்தது. நானே கண்டுபிடிச்சேன்" என்றார் சித்தப்பா.

நான் எழுந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அத்தை என் மணிக்கட்டை வலிக்க வலிக்கப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு சாயா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். எனக்காகக் கத்தினவள் தனக்காக ஏன் கத்தவில்லை? பின்கட்டில் மறித்துக் கேட்டேன். "உன் கிட்ட சொன்னான்ல. அது போதும்" என்றாள். கோழை என்று திட்டினேன். அவளோடு பேசுவதை நிறுத்தினேன்.

அந்த மாதமே அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "வேலைக்கு அனுப்பினதுல வாய் நீண்டு போச்சு" என்று அப்பா யாரிடமோ சொன்னது என் காதிலும் விழுந்தது. மாப்பிள்ளை பாலக்காட்டுப் பக்கம். பெண் வேலைக்குப் போவது அவர்களுக்குப் பிடிக்காது. அத்தை அரூருக்குப் போவது நின்றது. மீட்டரை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அன்றைய சண்டைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணத்தன்று மணமேடையிலிருந்து அவள் என்னைத் தேடித் தேடிப் பார்த்தாள். நான் கோபமாகவே பந்தியில் போய் உட்கார்ந்து, பாயசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.